மண்ணெண்ணெயில் ஓடிய மைனரும் உப்பில் கரையும் மைனரும்

ஒக்ரோபர் மாதக் கடைசிச் சனிக்கிழமை எங்கள் மொறிஸ் மைனரை கராஜுக்குள் விட்டு, பற்றரியைக் கழற்றி, நாலு சில்லும் நிலத்தில் முட்டாதபடி தூக்கி நிறுத்துவோம். மொன்றியல் வீதிகளில் முதல் உப்பு விழுவதற்கு முன் இது முடிந்துவிட வேண்டும். ஏப்ரலில் இரண்டு மூன்று நல்ல மழை பெய்து வீதியைக் கழுவிய பிறகுதான் அது வெளியே வரும். வருடத்தில் பாதி நாள் ஓடாத கார். "இதுக்கு ஏன் இவ்வளவு பாடு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான்.

நாங்கள் மூன்று பேர். ஒருவர் பேருந்துச் சாரதி, ஒருவர் உணவகச் சமையலறையில் வேலை, ஒருவர் கணக்கு எழுதிப் பிழைப்பவர். எழுதுவது கணக்காளர் என்றாலும் சொல்வது மூவருக்கும் பொது. மூவரும் அகதியாக வந்தவர்கள், மூவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. எவருமே மெக்கானிக் இல்லை. 2011-இல் ஒன்ராறியோவில் ஒரு பண்ணைக் கொட்டிலில் தூசி பிடித்துக் கிடந்த 1960-ஆம் ஆண்டு மைனர் ஒன்றைப் பங்கு போட்டு வாங்கினோம். பிள்ளைகள் வளர்ந்து கையில் கொஞ்ச நேரம் மிஞ்சிய நண்பர்கள் பலர் இப்போது எங்களிடம் கேட்கிறார்கள்: ஊரில் அப்பா வைத்திருந்த மாதிரிக் கார் ஒன்று வாங்கலாமா, வீட்டிலேயே வைத்துத் திருத்தலாமா? அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில், யாழ்ப்பாணத்தில் அத்தனை பழைய கார்கள் எப்படி வந்தன என்பது. பணக்காரரின் பொழுதுபோக்கால் வரவில்லை. 1960-களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இலங்கையில் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977-க்குப் பிறகுதான் கதவு திறந்தது. அதனால் 50-களில் வந்திறங்கிய ஒஸ்ரின் ஏ40, கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட், மைனர் எல்லாம் இறக்கக்கூடாத வண்டிகளாகிவிட்டன. வைத்தியர், அப்புக்காத்து, பள்ளி அதிபர் என்று தொடங்கிய கார் வாடகைக் காராகி, கலியாணக் காராகி, கடைசியில் ஆஸ்பத்திரிக்கு நோயாளி ஏற்றும் காராகி, முப்பது நாற்பது வருடம் ஓடியது. ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்திய இலக்கத்தகட்டோடு ஓடிய கார்களை நாங்களே கண்டிருக்கிறோம்.

அதற்கு அந்தக் கார்களின் அமைப்பும் ஒரு காரணம். மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ்; பிற்காலத்தில் மினியையும் அவர்தான் வடிவமைத்தார். 1948-இல் லண்டன் கண்காட்சியில் வெளிவந்த மைனர், 1970-களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. பொனற்றைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். ஒரு கார்பரேற்றர், ஒரு டிஸ்ரிபியூற்றர், ஒரு டைனமோ. கணினி இல்லை, சென்சர் இல்லை. எது பழுது என்று காதாலும் மூக்காலும் கண்டுபிடிக்கலாம். சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்ப் "டிக் டிக்" என்று அடிக்கும்; அடிப்பது நின்றால் கார்பரேற்றர் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். நிற்காமலே அடித்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது தாங்கி வெறும்.

1990 ஜூனில் சண்டை மறுபடி மூண்ட பிறகு வந்த பொருளாதாரத் தடையை இதை வாசிப்பவர்களில் பலர் அனுபவித்தவர்கள். பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. மண்ணெண்ணெயும் அளவாகத்தான். கார்கள் அந்த மண்ணெண்ணெயில் ஓடின. எப்படி ஓடின என்பதை இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தப் போய்த்தான் எங்களுக்கே சரியாக விளங்கியது.

மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆவியாகாத எண்ணெயில் பொறி பிடிக்காது. ஆகவே முதலில் ஒரு சொட்டுப் பெற்றோல். அது சின்னப் போத்தலில் இருக்கும். சிலர் சேலைன் குழாயைப் பூட்டி வைத்திருந்தார்கள். பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு மண்ணெண்ணெயைத் திறப்பார்கள். இரண்டாவது தொல்லை, மண்ணெண்ணெய் நெருக்கத்தைத் தாங்காது. நேரத்துக்கு முன்னமே வெடித்து எஞ்சின் "டக டக" என்று தட்டும். இங்கேதான் பழைய கார் கை கொடுத்தது. ஏ40-இன் பிஸ்ரன் கலவையை ஏழு மடங்கு சொச்சம் நெருக்கும், எங்கள் மைனர் எட்டு மடங்கு சொச்சம். இன்றைய கார்களில் பெரும்பாலும் பத்துக்கு மேல். மெக்கானிக்மார் டிஸ்ரிபியூற்றரைக் கொஞ்சம் திருப்பி, பொறி பிந்தி விழுமாறு வைப்பார்கள். இழுவை குறையும், தட்டுவதும் குறையும்.

அதற்கு எஞ்சின் கொடுத்த விலை பெரிது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, ஒயிலோடு கலந்துவிடும். எங்கள் ஒருவரின் ஐயா கோண்டாவிலில் மைனர் வைத்திருந்தவர். ஒரு நாள் ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்து, "ஒயில் குறையேல்லை, கூடியிருக்கு" என்று சந்தோசப்பட்டார். பக்கத்தில் நின்ற மெக்கானிக் அண்ணை கம்பியை வாங்கி மணந்து பார்த்துவிட்டு, "ஐயா, இது ஒயில் இல்லை, நீங்கள் கூப்பனில் எடுத்த மண்ணெண்ணெய்" என்றாராம். இன்றைக்கும் நாங்கள் ஒயில் பார்க்கிறபோது அளவை மட்டும் பார்ப்பதில்லை, மணந்தும் பார்க்கிறோம். கூடியிருக்கும் ஒயில் குறைந்திருக்கும் ஒயிலைவிடக் கெட்ட செய்தி.

பற்றரி நலிந்தபோது முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்றினார்கள். மைனரின் முன் பம்பருக்கு ஊடாக ஹாண்டில் போகும் வழி இருக்கிறது. இதில் ஒரு பாடம் உயிர்ப்பாடம்: பெருவிரல் மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும். கைப்பிடியைச் சுற்றி மடித்துப் பிடித்தால், எஞ்சின் திருப்பி உதைக்கும்போது பெருவிரல் முறியும். கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், மேலிருந்து அமத்தக்கூடாது. பிள்ளைகள் இதை ஒரு விளையாட்டாகக் கேட்பார்கள். பெருவிரலைப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் சுற்ற விடுவோம்.

இன்னொரு செய்தி எங்களுக்குக் கனடா வந்த பிறகுதான் தெரிந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ள்ஸ் வேர் என்பவர் 1970-களில் மைனர்களுக்கென்றே ஒரு திருத்தகம் தொடங்கினார். காரை நாலு வருடத்தில் தூக்கியெறியும் பழக்கம் வீண், ஒரு நல்ல பழைய காரைத் தொடர்ந்து திருத்தி வாழ்நாள் முழுக்க வைத்திருப்பதே மலிவு என்று வாதாடி ஒரு புத்தகமும் எழுதினார். 1990-களில் அவர் தம் மைனர்களுக்கு வேண்டிய பாகங்களைச் செய்விக்கத் தேர்ந்த நாடு இலங்கை. மைனரை இன்னும் நாளாந்தம் ஓட்டுகிற, அதைக் கையால் திருத்தத் தெரிந்த ஆட்கள் உள்ள நாடு என்பதால். தெற்கில் மைனருக்குப் பாகம் செய்து கப்பலில் இங்கிலாந்துக்கு அனுப்பிய அதே காலத்தில், வடக்கில் ஒரு பிளக் வாங்க வழி இருக்கவில்லை. பழைய பிளக்கை மண்தாளால் தேய்த்துத் தேய்த்துப் போட்டார்கள்.

1995 ஒக்ரோபர் 30 இரவு கோண்டாவில் மைனர் வீட்டிலேயே நின்றது. தாங்கியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் இருந்ததாம். ஆனால் நாவற்குழிப் பாதையில் நடப்பதற்கே இடம் இல்லாதபோது காரை எங்கே கொண்டு போவது? ஐயா சைக்கிளில் அம்மாவை ஏற்றி உருட்டிக்கொண்டு போனார். அடுத்த வருடம் திரும்பிப் போனபோது கூடு மட்டும் நின்றது. கராஜ் சுவரில் ஸ்பானர்கள் தொங்கிய ஆணிகள் அப்படியே வரிசையாக இருந்தன என்று சொல்வார்.

இனிக் கணக்கு. எங்கள் தொழிலில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. கனடாவின் வரிக்கணக்கில் சாதாரணக் காருக்குக் குறைந்துசெல் முறையில் வருடம் 30 வீதம் கழிக்க விடுகிறார்கள். 30,000 டொலர்க் காரை அப்படியே முழுதாகக் கழித்துக்கொண்டு போனால் 21,000, 14,700, 10,290, 7,203, ஐந்தாம் வருட முடிவில் 5,042. சந்தை விலை இதே வேகத்தில் விழுவதில்லைதான், ஆனாலும் திசை இதுதான். அறுபது வயது மைனரில் தேய வேண்டியது எல்லாம் எப்போதோ தேய்ந்துவிட்டது; நன்றாக வைத்திருந்தால் வாங்கிய விலைக்கு விற்கலாம். இதைச் சொல்லித்தான் நாங்களும் வீட்டில் அனுமதி வாங்கினோம்.

அது முழுக் கணக்கு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பாகங்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வருகின்றன. தபால் செலவு சிலவேளை பாகத்தின் விலையை எட்டிவிடும். கராஜ் வாடகை, காப்புறுதி, ஆயுதங்கள் எல்லாம் தனி. எங்கள் உழைப்புக்கு மணிக்கு ஆகக் குறைந்த சம்பளம் போட்டாலே கணக்கு சிவப்பில் போகும். குளிர்காலத்துக்கு இன்னொரு கார் எப்படியும் வேண்டும். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கியூபெக்கில் குளிர்கால ரயர் கட்டாயம். ஆகவே பணம் மிச்சம் பிடிக்க என்று எவரும் பழைய கார் வாங்க வேண்டாம். சார்ள்ஸ் வேரின் கணக்கு உப்புப் போடாத வீதிகளுக்கும், ஒரே காரை வைத்திருப்பவருக்கும் சரிவரும்.

வாங்குவதானால் எஞ்சினைப் பார்த்து மயங்காதீர்கள். எஞ்சின் போனால் இன்னொன்று கிடைக்கும், இரண்டு பேர் சேர்ந்து இறக்கி ஏற்றலாம். கூடு போனால் போனதுதான். மைனருக்குத் தனியாகச் சட்டம் இல்லை. தரைத்தகடும் கதவுக்குக் கீழே ஓடும் படியும்தான் காரின் முதுகெலும்பு. ஈரமும் உப்பும் அங்கேதான் தங்கும். பின்பக்க வில்லுத்தகடு கொழுவும் இடம், ஜக் வைக்கும் குறுக்குச்சட்டம், முன்னிருக்கைகளின் கீழ்த்தரை — இந்த மூன்றையும் படுத்துப் பாருங்கள். ஒரு சின்னக் காந்தத்தைக் கையில் கொண்டு போங்கள். தகடு மாதிரித் தெரியும் இடத்தில் காந்தம் ஒட்டாவிட்டால், அங்கே இருப்பது பெயின்ற்றுக்குக் கீழே பூசிய பசை. புதிதாகப் பெயின்ற் அடித்த காரைவிட, பழைய நிறம் மங்கித் துரு வெளியே தெரியும் காரே மேல். எங்கள் காருக்கு இதை நாங்கள் செய்யவில்லை. தரையின் இடது பாதியை வெட்டி ஒட்டுவதில் ஒரு முழுக் கோடை போனது. ஒட்டு வேலைக்குத் தொழில் தெரிந்தவரிடமே கொடுத்தோம்.

ஊரிலும் இங்கும் தண்ணீர்தான் எதிரி என்பது ஒரு வேடிக்கை. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். கேத்திலில் படிவது போல ரேடியேற்றருக்குள்ளும் படிந்து அடைத்து, எஞ்சினைக் கொதிக்க வைக்கும். இங்கே வெறும் தண்ணீர் விட்டால் ஜனவரியில் உறைந்து இரும்பையே பிளக்கும். பாதிக்குப் பாதி உறைதடுப்பான் கலந்தால் மறை 35 பாகை வரை பயமில்லை.

மற்றபடி வீட்டில் செய்யக்கூடிய வேலைகள் பயப்பட ஒன்றும் இல்லாதவை. வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை போதும். பிளக் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 25 பங்கு, டிஸ்ரிபியூற்றர் பொயின்ற் 15 பங்கு, வால்வு 12 பங்கு. மைனருக்கு இந்த மூன்று இலக்கமும் மனப்பாடமாக இருக்க வேண்டும். கார்பரேற்றரின் தலையில் உள்ள மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்னக் குழாய். அதில் கொஞ்சம் மெல்லிய ஒயில் நிற்க வேண்டும். அது வற்றினால் அக்சிலரேற்றரை மிதிக்கும்போது கார் ஒருமுறை தயங்கும். இதைப் பெரிய பழுது என்று நினைத்து நாங்கள் இரண்டு மாதம் மண்டையை உடைத்தோம். பற்றரியைத் திரும்பப் பூட்டும்போது மறக்காதீர்கள், இந்தக் கார்களில் கூடு நேர்முனையோடு இணைந்திருக்கும். இன்றைய கார் பழக்கத்தில் மாறிப் பூட்டினால் டைனமோவுக்கு வேலை வைத்துவிடுவீர்கள். ஸ்பானர் அங்குல அளவில் வாங்குங்கள். மில்லிமீற்றர் ஸ்பானர் கிட்டத்தட்டப் பொருந்தும். அந்தக் கிட்டத்தட்டதான் நட்டின் மூலையைத் தின்றுவிடும்.

பெற்றோலில் இரண்டு விசயம். கனடாவில் 1990 டிசம்பரோடு ஈயம் கலந்த பெற்றோல் நின்றுவிட்டது. பழைய எஞ்சினின் வால்வு இருக்கைகளுக்கு அந்த ஈயம் ஒரு காப்பு. ஆகவே எஞ்சினின் தலையைத் திறக்க நேர்ந்தால் கடினப்படுத்திய இருக்கைகளைப் போட்டுவிடுங்கள். இப்போதைய எதனோல் கலவை பழைய ரப்பர் குழாயை இளக்கும். குழாயை மாற்றுவது சில டொலர் வேலை, சூடான எஞ்சினில் பெற்றோல் ஒழுகுவது வீடு எரிகிற வேலை.

இனிப் பயப்பட வேண்டியவை. மைனரின் முன்சில்லுகள் திரும்பும் அச்சு, மேலும் கீழும் புரியிட்ட துண்டுகளில் நிற்கிறது. அங்கே கிறீஸ் வற்றினால் புரி தேயும். தேய்ந்த புரி ஒரு நாள் கழன்றால் சில்லு உள்ளே மடிந்து கார் மூக்குக் குத்தும். நாங்கள் 1,000 மைலுக்கு ஒருமுறை, ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடத்தில் இரண்டு முறை, சில்லைத் தூக்கிவிட்டு கிறீஸ் அடிக்கிறோம். பழைய கிறீஸ் பிதுங்கி வெளியே வரும் வரை.

பிறேக் கதை எங்கள் சொந்தப் பிழை. 2013 கோடையில் கோட்-டி-நெய்ஜ் வீதிச் சரிவில் நகர மையத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். பின்னால் எங்களில் ஒருவரின் ஒன்பது வயது மகள். வெளிச்சம் சிவப்பாகியது, மிதித்த பிறேக் தரை வரை போனது. இரண்டாம் முறை மிதித்தாலும் அதே. இந்தக் கார்களில் பிறேக் எண்ணெய்க்கு ஒரே ஒரு வழிதான். எங்கே ஒழுகினாலும் நாலு சில்லும் போய்விடும். கைப்பிறேக் தனிக் கம்பியில் பின்சில்லுகளைப் பிடிக்கும் என்பதால் தப்பினோம். இரண்டாம் கியருக்கு இறக்கி, கைப்பிறேக்கை இழுத்து, ஓரக்கல்லில் ரயரை உரசி நிறுத்தினோம். பிள்ளை ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு பஸ்ஸில் போனாள்.

காரணம் மாஸ்ரர் சிலிண்டர். மைனரில் அது சாரதியின் காலுக்குக் கீழே, தரைக்கு அடியில் இருக்கிறது. எண்ணெய் விடும் மூடி கம்பளத்துக்குக் கீழே. பொனற்றுக்குள் எல்லாவற்றையும் துடைத்து மினுக்கிய நாங்கள், அந்தக் கம்பளத்தை மூன்று மாதமாகத் தூக்கிப் பார்க்கவில்லை. ரப்பர் வளையம் ஒன்று தேய்ந்து சொட்டுச் சொட்டாக ஒழுகியிருக்கிறது. அதற்குப் பிறகு கணக்கு அலுவலகத்து விதி ஒன்றைக் கராஜுக்குக் கொண்டு வந்தோம். காசோலை எழுதியவரே அதைச் சரிபார்க்கக்கூடாது. பிறேக் வேலை செய்தவர் அதைப் பரிசோதிக்கக்கூடாது. ஒருவர் செய்ய, மற்றவர் தனியாகப் பார்த்து, கொப்பியில் திகதி போட்டுக் கையெழுத்து வைப்பார். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுகிறோம். அந்தப் பிள்ளை திரும்ப அந்தக் காரில் ஏற இரண்டு கோடை ஆனது.

பழைய பிறேக் கட்டைகளில் கல்நார் இருக்கலாம். ஊரில் டிரம்மைக் கழற்றியதும் வாயால் ஊதித் தூசியைப் பறக்க விடுவார்கள். நாங்கள் சிறுவர்களாகப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தோம். உலகத்துக்குக் கல்நார் தோண்டி அனுப்பியதில் இந்தக் கியூபெக்குக்குப் பெரிய பங்கு. அஸ்பெஸ்டோஸ் என்ற பெயரிலேயே இருந்த ஊர் 2020-இல் வால்-தே-சூர்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. கனடா அந்தப் பொருளைத் தடை செய்ததே 2018-இல்தான். ஊதாதீர்கள், தும்புத்தடியால் கூட்டாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, பைக்குள் கட்டுங்கள். ஜக்கை மட்டும் நம்பி காருக்குக் கீழே தலையை வைக்காதீர்கள். இரும்புத் தாங்கி இரண்டு போட்டு, காரை ஒருமுறை உலுக்கிப் பார்த்த பிறகுதான். குளிருக்குக் கராஜ் கதவைப் பூட்டிக்கொண்டு எஞ்சினை ஓட விடாதீர்கள், ஐந்து நிமிடமானாலும். பழைய ஒயிலையும் உறைதடுப்பானையும் நகரத்தின் எக்கோசாந்தர் வாங்கிக்கொள்ளும்; வடிகாலில் ஊற்றாதீர்கள்.

ஊரில் நிற்கிற காரையே இங்கே எடுக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. 15 வயது தாண்டிய வாகனத்துக்குக் கனடாவின் பாதுகாப்புத் தர விதி தடை போடாது. கப்பற் செலவும் பத்திரங்களும்தான் பாடு. இன்னொன்றும் உண்டு: வெளிநாட்டிலிருந்து வரும் வாகனத்தில் மண் ஒட்டியிருக்கக்கூடாது. அடித்தட்டு, சில்லுக்கூடு எல்லாம் கழுவித்தான் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் எல்லையில் நிறுத்திவிடுவார்கள். கோண்டாவில் செம்மண்ணை ஒரு பிடியாவது காரோடு கொண்டுவரலாம் என்று நினைத்திருந்த எங்கள் நண்பர் இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

இந்த வருடம் பின்பக்க வலது வில்லுத்தகட்டுக் கொழுவியைப் பார்க்க வேண்டியிருக்கிறது. காந்தம் ஒட்டுகிறது, ஆனால் சுத்தியலால் தட்டினால் சத்தம் சரியில்லை. சரிவில் பேசாமல் இருந்த அந்தப் பிள்ளைக்கு இப்போது சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறது. கொப்பியில் கடைசி இரண்டு பிறேக் பரிசோதனைக்கும் கையெழுத்து வைத்தது அவள்தான். முதல் தடவை நாங்கள் செய்த வேலையை ஏற்க மறுத்து, இடது முன்சில்லைத் திரும்பக் கழற்ற வைத்தாள்.